வாய்ப்புண்ணும் வம்சமும்: வேலந்தாவளத்து வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 36 வயது. வேலந்தாவளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே வாய்ப்புண் தொல்லை. மாதம் தவறாமல் வரும், பத்து நாளில் ஆறும். அம்மாவுக்கும் இருந்தது. பாட்டி பாதி நாள் மோர்சாதம்தான். இப்போது 9 வயது மகளுக்கும் ஆரம்பித்துவிட்டது. ஒரு வருடமாக எனக்கு முட்டிவலி, முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள். ஒரு தடவை கண் சிவந்து வெளிச்சமே பார்க்க முடியவில்லை. மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விட்டேன், சரியாகிவிட்டது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு வைத்தியர் கஷாயமும் அதிமதுரம் சேர்ந்த சூரணமும் கொடுக்கிறார், ஓரளவு குணம் தெரிகிறது. மரபணு டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒரு லேப்பில் சொல்கிறார்கள். மூலனூரில் இருக்கும் கொழுந்தனார், கண்வலிக்கிழங்கு மூட்டுவலிக்கு நல்லது, விதை கொண்டுவருகிறேன் என்கிறார். இது பரம்பரை நோயா? மகளையும் பிடித்துக்கொள்ளுமா? டெஸ்ட் எடுக்கலாமா? மூலிகையிலேயே தீர்த்துக்கொள்ள முடியுமா? 

பின்குறிப்பு: அம்மாவுக்கு இப்போது கன்னத்துக்குள் ஒரே ஒரு புண்தான். வலிகூட இல்லை, ஆனால் இரண்டு மாதமாக அப்படியே இருக்கிறது. வெற்றிலை, புகையிலை போடுவார். அவருக்கும் அந்தச் சூரணத்தைத் தரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவுக்குச் சூரணம் வேண்டாம். இந்த வாரமே அவரை ஒரு பல் மருத்துவரிடமோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். உங்களுக்கு இருப்பதும் அவருக்கு இருப்பதும் ஒரே சங்கதி இல்லை. உங்களுடையது வரும், வலிக்கும், போகும். அவருடையது வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று வாரம் தாண்டியும் ஆறாத ஒற்றைப் புண், அதுவும் வலியில்லாமல், அதுவும் புகையிலை போடுகிறவரின் கன்னத்தில் என்றால், ஒரு துணுக்குச் சதை எடுத்து பயாப்ஸி பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்வரை அது புற்றுநோய் இல்லை என்று நானும் சொல்ல முடியாது, வைத்தியரும் சொல்ல முடியாது. புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் சின்ன அறுவை சிகிச்சையோடு முடியும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அடுத்தது உங்கள் கண். சிவந்தது, வெளிச்சம் கூசியது, சொட்டு விட்டதும் சரியானது என்கிறீர்கள். சரியானது என்பதுதான் எனக்குக் கவலை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை நிறைய. அவை சிவப்பைச் சட்டென்று அடக்கிவிடும், உள்ளே நடக்கும் அழற்சியை மறைத்தும்விடும். கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சியை யூவியைட்டிஸ் என்போம். சாதாரண 'கண்வலி' போலத் தொற்றுக் கிருமியால் மட்டும் வருவதல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணைத் தாக்குவது பல நேரம் இதற்குக் காரணம். திரும்பத் திரும்ப வந்தால் பார்வையைக் கொண்டுபோய்விடும். உங்களுக்கு வந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லவும் கூடாது. ஆனால் வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூர் ஒரு பஸ் தூரம்தானே. நல்ல கண் மருத்துவமனை ஒன்றுக்குப் போய், கண்பாப்பாவை விரித்து, ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்புண் அடிக்கடி வரும் என்பதையும், காலில் முடிச்சு வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். மறுபடி கண் சிவந்தால் அன்றைக்கே போங்கள், கடைச் சொட்டு வேண்டாம்.

நான் மூட்டுவாத மருத்துவன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முட்டியைத்தான் காட்டுவார்கள். வாயைப் பற்றி நானாகக் கேட்டால்தான் சொல்வார்கள், "அது சூடு, எங்க வீட்ல எல்லாருக்கும் உண்டு" என்று. நீங்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியது நல்லதாகப் போயிற்று.

அடிக்கடி வந்து போகும் வாய்ப்புண் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வாயோடு நின்றுவிடும். வலி உண்டு, ஆபத்து இல்லை. ஆனால் வாய்ப்புண், கண், தோல், மூட்டு என்று சேர்ந்து வரும்போது பெசெட் நோய் என்ற ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். இஸ்தான்புல் நகரத்துத் தோல் மருத்துவர் ஹுலூசி பெசெட் 1937-இல் இதை விவரித்து எழுதினார். வாயில் புண், பிறப்புறுப்பில் புண், கண்ணில் அழற்சி என்ற மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று அவர் சொன்னார். ரத்தக் குழாய்களில் வரும் அழற்சிதான் இதன் அடிப்படை. துருக்கியில்தான் அதிகம். ஈரான், சீனா, கொரியா, ஜப்பான் என்று பழைய பட்டுப்பாதை போன வழியெல்லாம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தென்படுகிறது. நம் பக்கம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

1990-இல் வகுத்த சர்வதேச அளவுகோல் இப்படி: 12 மாதத்தில் குறைந்தது 3 தடவை வாய்ப்புண் வந்திருக்க வேண்டும். அதோடு பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி, தோல் மாற்றங்கள், ஊசிச் சோதனை ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஊசிச் சோதனை என்பது முன்கையில் சுத்தமான ஊசியால் குத்திவிட்டு, ஓரிரு நாள் கழித்து அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் காலின் முடிச்சுகள் தோல் கணக்கில் வரலாம். கண் கணக்கில் வருமா என்பது கோவையில் தெரியும். கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருந்திருக்கும், ஆனாலும் கேட்கிறேன்: பிறப்புறுப்பில் புண் வந்து தழும்பு விட்டு ஆறியிருக்கிறதா? பெண் மருத்துவரிடமாவது இதைச் சொல்லுங்கள். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் நோயாளிகள் மறைப்பது இதைத்தான், மருத்துவருக்கு அதிகம் உதவுவதும் இதுதான். அதே சமயம், காலில் இப்படிப்பட்ட முடிச்சு நம் ஊரில் காசநோயின் அறிகுறியாகவும் இருக்கும். குடல் அழற்சியான குரோன்ஸ் நோயிலும் வரும். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் இதற்கு எதற்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, பரம்பரை விஷயத்துக்கு வருகிறேன்.

சாதாரண வாய்ப்புண்ணே குடும்பத்தில் ஓடக்கூடியதுதான். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்குப் பெற்றோரிலோ கூடப்பிறந்தவர்களிலோ ஒருவருக்காவது அது இருக்கும். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. ஆக, பாட்டி, அம்மா, நீங்கள், மகள் என்று நாலு தலைமுறையாக ஓடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓடுவது நோய் இல்லை, சாய்மானம். நிலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் மரபணு சொல்லும், மழை பெய்தால்தான் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். மழை என்பது இங்கே பல ரூபத்தில் வரும்: பிரஷ் பட்ட காயம், கூரான பல், தூக்கக் குறைவு, மாதவிலக்கை ஒட்டிய நாட்கள், இரும்பு, பி12, ஃபோலிக் அமிலக் குறைவு. நீங்கள் 'சூடு' என்று சொல்லும் நாட்களை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், பாதி நாளுக்கு முந்தின ராத்திரி ஆர்டர் துணி தைத்துக் கண் விழித்ததாக இருக்கும் என்பது என் ஊகம்.

பெசெட் நோயில் அதிகம் பேசப்படும் மரபணு எச்.எல்.ஏ. பி51. எச்.எல்.ஏ. புரதங்கள் நம் செல்களின் மேற்பரப்பில் இருப்பவை. செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே காட்டி, இது நம்முடையதா, கிருமியுடையதா என்று எதிர்ப்புச் சக்தி செல்களுக்கு அடையாளம் சொல்வது இவற்றின் வேலை. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும். பி51 வகை உள்ளவர்களுக்குப் பெசெட் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் மிக அரிதான ஒரு நோயின் வாய்ப்பு 6 மடங்கானாலும் அது அரிதாகத்தான் இருக்கும். துருக்கி போன்ற நாடுகளில் நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களிலும் ஐந்தில் ஒருவர்வரை பி51-ஐ வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். இன்னொரு பக்கம், பெசெட் நோய் உள்ள எத்தனையோ பேருக்கு பி51 கிடையாது. 2010-இலிருந்து இன்டர்லூக்கின் 10, இன்டர்லூக்கின் 23 ஏற்பி, இ.ஆர்.ஏ.பி.1 என்று வேறு மரபணுக்களும் இதில் சம்பந்தப்பட்டவை என்று தெரியவந்தது. எச்.எல்.ஏ. புரதம் ஏந்திக் காட்டும் துணுக்குகளை அளவாக வெட்டிக்கொடுப்பதுதான் இந்தக் கடைசி மரபணுவின் வேலை, அதனால் பி51-ஓடு அது சேரும்போது ஆபத்து கூடுகிறது.

அதனால் டெஸ்ட் வேண்டாம். 'இருக்கிறது' என்று வந்தால் வீணாகப் பயப்படுவீர்கள், 'இல்லை' என்று வந்தால் கண்ணைக் காட்டாமல் விட்டுவிடுவீர்கள். இரண்டாவதுதான் மோசம். சந்தேகம் வலுவாக இருந்து மூட்டுவாத மருத்துவரே கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அந்தப் பணத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிடலாம். பொட்டாசியம் ஏன் என்று கீழே சொல்கிறேன். பி12 பற்றி ஒரு வார்த்தை: 2009-இல் வெளியான சின்ன ஆய்வொன்றில், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து ஆறு மாதம் எடுத்தவர்களில் 74 விழுக்காட்டினருக்குக் கடைசியில் புண் வருவது நின்றிருந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 32 விழுக்காடு. ரத்தத்தில் பி12 அளவு சரியாக இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. விலை குறைவு, பக்கவிளைவு கிட்டத்தட்ட இல்லை. மருத்துவரிடம் கேட்டு முயன்று பார்க்கலாம்.

இனி மூலிகை. நான் மூலிகைக்கு எதிரி இல்லை. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணிச்சாறாக வைத்துச் சாப்பிடுங்கள். எரியும் வாய்க்கு இதமான, சத்துள்ள சாப்பாடு. மருந்து என்று நினைக்க வேண்டாம், சாப்பாடு என்று நினைத்தாலே போதும். பச்சைக் காயை மட்டும் வேகவைக்காமல் தின்னாதீர்கள். கடுக்காய், மாசிக்காய், கொய்யாக் கொழுந்து இவற்றிலெல்லாம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொப்பளித்தால் புண்ணின் மேல் ஒரு படலம் மாதிரி படிந்து எரிச்சல் குறையும். கற்றாழைச் சோறு, மஞ்சளின் குர்குமின் ஆகியவற்றைக் களிம்பாகத் தடவிப் பார்த்த சிறு ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வந்த புண்ணின் மேல் வேலை செய்பவை. அடுத்த புண் வராமல் தடுக்கும், கண்ணைக் காக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதிமதுரம்தான் உங்களுக்குச் சிக்கல். கொப்பளித்துத் துப்பினால் பரவாயில்லை, நல்லதுகூட. ஆனால் நீங்கள் சூரணமாகத் தினமும் விழுங்குகிறீர்கள். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் ஹார்மோனை மட்டுப்படுத்தும் நொதியைத் தடுத்துவிடும். விளைவு, உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாக இறங்கும். காலில் வீக்கம், தொடையில் பலமின்மை, படபடப்பு என்று எதாவது இருந்தால் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் சூரணத்தை இப்போதே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போய், "எனக்குப் பிரஷர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். படித்த வைத்தியராக இருந்தால் அவரே மாற்றிக் கொடுப்பார். நீங்கள் அவரிடம் இதைச் சொல்லவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கொடுக்கும் பொடியில் பற்பம், செந்தூரம் எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது உடம்பில் கூடினால் ஈறு வீங்கும், எச்சில் ஒழுகும், வாயே புண்ணாகும். வாய்ப்புண்ணுக்கு மருந்து சாப்பிட்டு வாய்ப்புண் வரவழைத்துக்கொள்ள வேண்டாம். பேரில்லாத பொடி எதையாவது சாப்பிட்டு மூன்றே நாளில் வாய், முட்டி, கால் எல்லாம் ஒன்றாகக் குணமாகிப் பசியும் அமோகமாக எடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், அதில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம். இப்படிப்பட்ட பொடி சாப்பிட்டு முகம் உப்பி, சர்க்கரை ஏறி வந்தவர்களை தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

கொழுந்தனார் சொன்ன விதை. அவர் முற்றிலும் தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் வம்பு. கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், நம் தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள், விதை ஏற்றுமதியாகிறது. அதை வாங்குவதே கால்ச்சிசின் என்ற பொருளுக்காகத்தான். அந்தக் கால்ச்சிசின் மாத்திரையைப் பெசெட் நோய்க்கும், கவுட் என்ற மூட்டு வீக்கத்துக்கும் நானே எழுதிக்கொடுக்கிறேன். பெசெட் நோயில், அதிலும் பெண்களுக்கு, பிறப்புறுப்புப் புண்ணும் காலில் வரும் இந்த முடிச்சுகளும் மூட்டுவலியும் இதனால் குறைகின்றன என்று ஆய்வு காட்டியிருக்கிறது. உங்களுக்கு அந்த நோய்தான் என்று முடிவானால் உங்கள் சீட்டிலும் இதே மருந்து வரலாம்.

அப்படியானால் விதையை அரைத்துச் சாப்பிட்டால் என்ன? மாத்திரையில் அரை மில்லிகிராம் என்றால் அரை மில்லிகிராம்தான். விதையில் எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். மருந்தாகும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவான பொருள் இது. கூடிப்போனால் முதலில் வாந்தியும் பேதியும். எதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே படுத்திருப்பார்கள். அடுத்த ஓரிரு நாளில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். பிழைத்தவர்களுக்குப் பிறகு முடி கொட்டும். இதற்கு முறிவு மருந்து நம் கையில் இல்லை. கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. கொழுந்தனாரின் அக்கறைக்கு நன்றி சொல்லுங்கள், விதையை வீட்டுக்குள் விடாதீர்கள், மகள் இருக்கிற வீடு.

மாத்திரையாகவே எடுத்தாலும் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகளோடு சேர்ந்தால் அதே மாத்திரையும் விஷமாகும், எனவே சளிக்கு மருந்து வாங்கும்போதுகூட இதைச் சாப்பிடுவதாகச் சொல்ல வேண்டும். கால்ச்சிசினில் அடங்காத வாய்ப்புண்ணுக்கு அப்ரமிலாஸ்ட் என்ற மாத்திரை இருக்கிறது. பெசெட் நோயின் வாய்ப்புண்ணுக்கென்றே அமெரிக்காவில் 2019-இல் அனுமதி பெற்றது, இங்கேயும் கிடைக்கிறது. கண் பாதித்திருந்தால் பேச்சே வேறு, அசாத்தியோப்ரின், அடாலிமுமாப் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வலுவான மருந்துகளுக்குப் போவோம், அதற்கு முன் காசநோய் இல்லை என்று உறுதி செய்வோம். இப்போது வாயில் இருக்கும் புண்ணுக்கு ட்ரையாம்சினலோன் பேஸ்ட் போதும். ராத்திரி சாப்பிட்டு வாய் கொப்பளித்த பிறகு, புண்ணைப் பஞ்சால் ஒற்றிக் காயவைத்து மெல்லிசாகத் தடவிவிட்டுப் படுங்கள். ஈரத்தின் மேல் தடவினால் ஒட்டாது.

மகளைப் பற்றி. சிறுவயதிலேயே, தலைமுறை தலைமுறையாக, கடுமையான புண்களோடும் காய்ச்சலோடும் வரும் ஓர் அரிய வகை உண்டு. ஏ20 என்ற புரதத்துக்கான மரபணு ஒன்றில் மட்டும் வரும் பழுதால் உண்டாவது, 2016-இல் கண்டறியப்பட்டது. அதில்தான் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி, மரபணு டெஸ்ட்டுக்கும் அங்கேதான் அர்த்தம் உண்டு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் அவளுக்குப் புண்ணோடு காய்ச்சல் வருகிறதா, வயிற்று வலி, எடை குறைவு, கண் சிவப்பு உண்டா என்று கவனியுங்கள். இவற்றில் எதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் இந்தக் குடும்பக் கதை முழுவதையும் சொல்லுங்கள்.

இல்லையென்றால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவளுக்கும் ஹீமோகுளோபினும் பி12-உம் ஒரு தடவை பாருங்கள். பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். டூத்பேஸ்ட் டியூபின் பின்புறம் சோடியம் லாரில் சல்ஃபேட் என்று போட்டிருந்தால், அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாற்றி இரண்டு மூன்று மாதம் பாருங்கள், சிலருக்குப் புண் குறைகிறது. வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அவளுக்குச் செய்யாதீர்கள், குழந்தைகள் அதை விழுங்கிவிடுவார்கள், உடம்புக்கு ஆகாது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கட்டும். புண் இருக்கும் நாளில் பள்ளிக்கு மிக்சர், முறுக்கு வேண்டாம், தயிர்சாதம் கட்டிக்கொடுங்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை, அதனால் தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.